நடுமேடு

கறை தெரியாத பக்கமாகத்தான்
படம் எடுத்துப் போட்டிருந்தார் நயினார்.
நாலாயிரத்தில் ஆரம்பித்த பேச்சு
மூவாயிரத்து இருநூறில் நின்றது.
பேட்டையிலிருந்து ஒரு அம்மா வருவாளாம்,
சாயங்காலம் ஐந்துக்கு, லோடு ஆட்டோவோடு.
அதற்குள்
ஆறு வருஷத்தைத் துடைத்தாக வேண்டும்.

கொக்கிரகுளத்தில் இரண்டாம் மாடி எங்களுக்கு.
மொட்டைமாடிக்கு இருபத்தொரு படி.
தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது
மெத்தைக்குப் பிடியென்று ஒன்று கிடையாது.
"அந்த மொனையப் பிடிட்டி."
"எந்த மொனைய? எல்லாந்தான் மடங்குதே."
படி திரும்புகிற இடத்தில்
சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே
கொஞ்ச நேரம் ஆளையே காணோம்.

நேற்றுதான் தேர் நிலைக்கு வந்தது.
ஆனிக் காற்று மேற்கேயிருந்து
அழுக்குச் சாக்கு மாதிரி ஒரு மேகத்தை
இழுத்துக்கொண்டு வருகிறது, விடுகிறது.
வெயில் விழுகிற நேரத்துக்கெல்லாம்
நான் ஓடவேண்டியிருந்தது.

தலைமாட்டில் இருப்பது அவருடைய டீ.
ஓசூருக்கு மாற்றல் என்று போன் வந்த ராத்திரி
கை தட்டிக் கொட்டியது.
வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி.
ஒற்றத்தான் வேண்டும்.
தேய்த்தால் கறை உள்ளே போய்
சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.
ஆப்ப சோடாவைத் தூவிவிட்டு
ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

ஜன்னலோரம் இருப்பது என்னுடைய மஞ்சள்.
அம்மை போட்டுக் கிடந்த பதினொரு நாள்,
வேப்பிலையோடு அரைத்துப் பூசியது.
அப்போது அவர் ஹாலில் படுத்தார்.
தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு வந்தார்,
ஓரமாக.
பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

கட்டி சோப்பைப் போட்டேன்.
மஞ்சள் சிவந்துவிட்டது,
கோழி அறுத்த இடம் மாதிரி.
"என்னட்டி செஞ்ச?"
நான் என்ன செய்தேன்!
எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிழிந்ததும்
ஒன்றுமே நடக்காதது போல
மறுபடியும் மஞ்சளானது.
இனி வெயில்தான் தின்னவேண்டும் அதை.

மூன்றாவது, கால்மாட்டில்,
எட்டணாக் காசளவு பழுப்பு.
"ஓம் வேலைதான்."
"நீங்கதான் கால்ல நகம் வெட்டி வெட்டி…"
பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய சண்டை
சோற்றோடும் ரசத்தோடும் நடந்தது.
மெடிக்கலில் வாங்கிய, புண் கழுவுகிற மருந்தை
அவர்தான் ஊற்றினார்.
பொசுபொசுவென்று நுரைத்தது.
நுரைத்தால் ரத்தம் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
யாருடையது என்று
அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குச் சாரல்.
கீழ்வீட்டுச் சடங்குக்கு வைத்த ஃப்ளெக்ஸை
வாங்கிவந்து போர்த்தினோம்.
ஆறடி அகலத்துக்கு அந்தப் பிள்ளை
நகையும் நட்டுமாகச் சிரித்துக்கொண்டு
எங்கள் மெத்தையில் கிடந்தாள்.
நாலரைக்கு மறுபடி வெயில்.
தூக்கிப் பார்த்தால்
டீ போயிருந்தது, காசு போயிருந்தது.
மஞ்சள் மட்டும்
அது இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் வந்தது ஐந்தே முக்காலுக்கு.
ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலையாம்.
இருபத்தொரு படிக்கு இரண்டு இடத்தில் நின்று வந்தாள்.
பேர் செண்பகவடிவு என்றாள், கேட்காமலேயே.

குனிந்து மோந்து பார்த்தாள்.
கறைக்குப் பதில் நான் வைத்திருந்தேன்,
மூன்றுக்கும் மூன்று.
அவள் பார்த்தது வேறு.
"ரெண்டு பக்கமும் குழி விழுந்திருக்கே?"

அதற்குச் சோடா இல்லை, வினிகர் இல்லை.
நயினார் ஆண்டெனாவைப் பார்த்தார்.
நான் ஃப்ளெக்ஸை மடித்தேன், எட்டாக.

செருப்பைக் கழற்றிவிட்டு
மெத்தை மேல் ஏறி
நட்டநடுவில் மல்லாந்து படுத்தாள்,
கை இரண்டையும் விரித்து.
"எனக்கு ஒத்தையாளுக்குத்தானே."
கண்ணை மூடிக்கொண்டாள்.
கீழே லோடு ஆட்டோக்காரன்
ஆரன் அடித்தான். அடித்துக்கொண்டேயிருந்தான்.
அவள் ஒரு கையால் நடுமேட்டை அழுத்திப் பார்த்து,

"ஏ அம்மா, இங்கன
புதுசால்லா இருக்கு!"

பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனாள்.
ஆறுமணி வெளிச்சத்தில், பாலத்து மேல்
மெத்தை போவது தெரிந்தது.
நாங்கள் ரூபாயை எண்ணினோம்,
ஆளுக்கொரு தடவை.